ராகு காலத்தில் ஒரு மாத்திரை

கொரட்டூர் ஏரிக்கரைத் தெருவில் எத்திராஜின் வலது கையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆட ஆரம்பித்த அன்றைக்கே அது அவருடைய கையாக இல்லாமல் தெருவின் பொதுச்சொத்தாகிவிட்டது. முதலில் குடி என்றார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷர், தொடாமலேயே அந்தப் பேரை வாங்கிக்கொண்டார். பிறகு நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அப்புறம் யாரோ செய்வினை என்று ஆரம்பித்து, எலுமிச்சம்பழம், மந்திரித்த கயிறு என்று ஒரு சுற்று ஓடியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டி, நூலிழை பிசகாமல் மரை வெட்டிய கை அது. இப்போது காப்பி டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதிக் காப்பி சட்டைக்குப் போய்விடுகிறது.

கடைசியில் பட்டணத்து டாக்டர்தான் வியாதிக்குப் பேர் வைத்தார். எத்திராஜை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், சிரிப்பே வராத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். "மூளையில சுரக்க வேண்டிய ஒரு சரக்கு குறைஞ்சுபோச்சு. அதை மாத்திரையா குடுக்கப்போறோம். நேரம் தவறக் கூடாது, அளவும் மிஞ்சக் கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

தெரு எழுந்து நின்றது. சலூன் வேம்புலி ஒருவர் கன்னத்தில் பாதியில் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "வயித்துவலிக்கு மாத்திர, சரி. காச்சலுக்கு மாத்திர, சரி. மூளைக்கே மாத்திரன்னா இன்னா அண்ணாத்தே இது? உள்ள போயி எது நட்டு எது போல்ட்டுன்னு அதுக்கு இன்னா தெரியும்?" பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஜானகிராமன் இன்னும் ஒரு படி மேலே போனார். "வெளிநாட்டுல இதே வியாதிக்கு மண்டையில ஓட்டை போட்டு உள்ள ஒயரு விடறானாம். நேத்துதான் படிச்சேன். இன்னிக்கி மாத்திரை தருவான், நீ பழகினதும் டிரில்லிங் மிஷினை எடுத்துகினு வருவான். உஷாரு." ஒயர் விட்டால் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும், கொரட்டூரில் கரண்ட் போகிற நேரத்தில் எத்திராஜ் என்ன ஆவார் என்று சலூனில் அரைநாள் விவாதம் நடந்தது. அதைக் கேட்ட எத்திராஜ் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு ஒரு மாசம் தொடவே இல்லை.

அவரை வழிக்குக் கொண்டுவந்தவள் மகள் கஸ்தூரி. தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். பேச்சும் ஊசி போட்டமாதிரி இருக்கும். "நைனா, ஒரு மாசம் சாப்ட்டுப் பாரு. மூள கெட்டுச்சுன்னா நான் பாத்துக்கறேன். இப்ப மட்டும் இன்னா பெரிசா வெச்சுகினு கீற?" என்றாள். மகள் வாய்க்குப் பயந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் எழுந்து, யார் உதவியும் இல்லாமல் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். போட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் போட்டார். மறுபடியும் கழற்றினார். "இன்னாய்யா, சட்டையோட வெளாட்டு?" என்று வந்த மனைவி ராஜம்மா, விஷயம் புரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் அதற்கான பெருமையைப் பூனைக்காலித் தூளுக்குக் கொடுத்துவிட்டாள். பூந்தமல்லியில் ஒரு வைத்தியர் கொடுத்த விதைத்தூள் அது. அவருக்குத் தெரியாமல் ராத்திரிப் பாலில் ஒரு சிட்டிகை கலந்து வந்திருக்கிறாள். அந்த விதைக்குள் இருப்பதும் மாத்திரையில் இருக்கிற அதே சரக்குதான் என்று டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் திட்டுவாரே என்று யாரும் கேட்கவில்லை. தெருவோ, "தானா சரியாப்போயிருக்கும்," என்று மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டது.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் எத்திராஜ் பழைய எத்திராஜ். அதன் வேகம் குறைந்ததும் மரக்கட்டை. கட்டையாவதும் ஆளாவதும் பழகிப்போய்விட்ட நேரத்தில்தான் கஸ்தூரிக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை குணசேகரன், ஆவடி பாக்டரியில் வேலை, தங்கமான பையன். பையனுக்கும் பெண்ணுக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பிரச்சினை பையனுடைய அப்பா தங்கவேல். கரையான்சாவடி மெயின் ரோட்டில் அரிசிக்கடை. கடை ஷட்டரைக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் தூக்குவார். அவர் தரகரிடம் கேட்டுவிட்டார்: "பொண்ணோட நைனாவுக்குக் கை ஆடுதாமே? குடியா, இல்ல பரம்பரைக் கோளாறா?"

ராஜம்மாவின் தம்பி முனியன், ஆட்டோ ஓட்டுகிறவன், அதற்குள் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வயசாவுதில்ல," என்று மழுப்பிவிட்டான். அதோடு நிற்காமல் எத்திராஜிடமும் வந்தான். "மாமா, நிச்சயத்துல தட்ட நான் மாத்திக்கறேன். நீ சும்மா ஷோக்கா குந்திக்கினு இரு."

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் வெற்றிலை, பாக்கு, பழம், புடவை வைத்த தட்டை எதிரும் புதிருமாக நின்று மாற்றிக்கொள்ள வேண்டும். தட்டின் நடுவில் தேங்காய் உட்கார்ந்திருக்கும். அது உருண்டு தரையில் விழுந்தால் போச்சு. அபசகுனம் என்று எழுந்து போன சம்பந்திகள் உண்டு. அதை நினைத்தாலே எத்திராஜுக்கு இடது கையும் சேர்ந்து ஆடியது. முனியன் சொல்வதுதான் சரி என்று தலையாட்டப் போனார்.

"எங்க நைனா மாத்தினாதான் நிச்சயம்," என்றாள் கஸ்தூரி. "இல்லாங்காட்டி அந்தப் பொடவையே நான் கட்ட மாட்டேன். சொல்ட்டேன்."

எத்திராஜ் அன்றைக்குச் சாப்பாடே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இந்தக் கை ஒன்றுக்கும் ஆகாது என்று கம்பெனி சொல்லிவிட்டது, தெரு சொல்லிவிட்டது, அவரே சொல்லிக்கொண்டுவிட்டார். இவள் ஒருத்திதான் இன்னும் சொல்லவில்லை. எப்பாடு பட்டாவது அந்தத் தட்டைத் தன் கையால் மாற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்தக் கை என்ன ஆனாலும் கவலையில்லை என்று முடிவு செய்தார். மறுநாளிலிருந்து மாத்திரை போட்டு, ஒன்றரை மணி கழித்து, சமையல்கட்டில் தட்டும் தேங்காயுமாக நடந்து பழகினார். தேங்காய் விழவில்லை. கணக்குச் சுத்தம்: ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறரைக்குத் தட்டு.

கணக்கில் ராகுவைச் சேர்க்க மறந்துவிட்டார்.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை. தெருவே டிவிப் படத்தை விட்டுவிட்டு எத்திராஜ் வீட்டுப் பந்தலுக்கு வந்திருந்தது. ஐந்து மணிக்கு எத்திராஜ் மாத்திரையை வாயருகே கொண்டுபோனதும் ராஜம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"யோவ்! நாலரைலேந்து ஆறு ராகு காலம். நல்ல நாளும் அதுவுமா ராகு காலத்துல மருந்து துன்னா வியாதி கூடவே தங்கிடும்யா. ஆறு அடிச்சதும் தரேன்."

"தினம் அஞ்சு மணிக்குத்தானேடி சாப்புடறேன்?"

"தினம் நிச்சயதார்த்தமா நடக்குது?"

மாத்திரை ராஜம்மாவின் முந்தானை முடிச்சுக்குள் போனது. ஐந்தரைக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். வேனைப் பார்த்துக் கும்பிடத் தூக்கிய எத்திராஜின் கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது. கீழே இறக்க முனியன் வரவேண்டியிருந்தது. நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் அவர் தங்கவேலைப் பார்த்துக்கொண்டே இருக்க, தங்கவேல், 'என்னடா இந்த ஆளு, முறைக்கிறானே' என்று நெளிய ஆரம்பித்தார்.

பேச்சு எப்படியோ வைத்தியத்துக்கு வந்தது. "இங்கிலீஷ் மருந்த எங்க ஊட்டு வாசப்படி தாண்ட உட மாட்டேன்," என்றார் தங்கவேல். "ஒடம்புச் சூடு, மூளைக்கு ஆவாது. எல்லாம் நம்மள வெச்சுச் சோதன பண்றானுங்க." பக்கத்தில் மனைவி தாயம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு காப்பியை இடது கையால் வாங்கிக்கொண்டாள். சமையல்கட்டில் ராஜம்மா பொருமினாள்: "பெருமையைப் பாரு. எடது கையால வாங்கறா."

ஆறு அடித்தது. ராஜம்மா ஓடிவந்து மாத்திரையைக் கொடுத்தாள். தட்டு மாற்ற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறதே என்ற பதைப்பில், பூனைக்காலித் தூளைச் சிட்டிகை பார்க்காமல் கைநிறையப் பாலில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தாள். அவள் கொடுத்தது முனியனுக்குத் தெரியாது. மாமா கட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மாத்திரையையே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவன் ஒன்றை எடுத்துவந்து வெற்றிலைக்குள் சுருட்டி அவர் வாயில் திணித்தான். வேண்டாம் என்று சொல்ல எத்திராஜுக்கு வாய் வரவில்லை. விழுங்கினார். பந்தலில் யாரும் கவனிக்கவில்லை. தாயம்மாவின் கண் மட்டும் முனியன் கையிலிருந்து எத்திராஜின் வாய்க்குப் போய், அங்கேயே நின்றது.

பெரியவர்கள் பேசினார்கள், மறுபடியும் பேசினார்கள். ஒருவழியாகக் கற்பூரம் ஏற்றித் தட்டைத் தூக்கப் போன நேரத்தில், ராகு தடுத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

முதலில் எத்திராஜின் கழுத்து மெல்ல வளைந்தது. பிறகு தோள் இரண்டும் ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்கின. அப்புறம் இடுப்பு, அப்புறம் கால். நாற்காலியை விட்டு எழுந்தவர் எழுந்த வேகத்தில் ஒரு சுழல் சுழன்றார். அவருக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரிந்தது. அளவு மிஞ்சிவிட்டது, டாக்டர் தோலை உரிக்கப் போகிறார். ஆனால் பயத்துக்கு நடுவே ஒரு குஷியும் பொங்கியது. வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த உடம்பு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகத் துள்ளுகிறதே! முகத்தில் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அதை நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்த மனமும் இல்லை.

"ஆத்தா!" என்று அலறினாள் தங்கவேலின் அக்கா ராணி. "வேம்புலியம்மா எறங்கிட்டா!"

எரியும் கற்பூரத்துக்கு முன்னால் ஒருத்தர் இப்படி ஆடினால் கொரட்டூரிலிருந்து கரையான்சாவடி வரைக்கும், அம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. மஞ்சள் தண்ணீர் வந்தது, வேப்பிலை வந்தது. சலூன் வேம்புலி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மரத்தில் பாதியையே ஒடித்துவந்தான். ஜானகிராமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தங்கவேல், அரிசிக்கடை தங்கவேல், வெள்ளை வேட்டி மண்ணில் புரள எத்திராஜின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆடுகிற கால் அவர் தலையில் ரெண்டு தடவை பட்டது. அதை அவர் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

"மாமா, அப்டியே மெயிண்டன் பண்ணு," என்று முனியன் காதோடு சொன்னான். "இனிமே அந்த ஆளு வரதட்சணைகூடக் கேக்க மாட்டான்."

ராணி தன் இடுப்புவலி எப்போது போகும் என்று கேட்டாள். "போவும், போவும்," என்றார் எத்திராஜ், மூச்சு வாங்க. போகாமல் எங்கே போகும்? கூட்டம் ஆர்ப்பரித்தது. அவருக்கும் கொஞ்சம் ருசி தட்டிவிட்டது. குடிகாரன், கட்டை, பாவம் என்றெல்லாம் சொன்ன அதே தெரு இப்போது அவர் முன்னால் கைகட்டி நிற்கிறது. வாசலில் கஸ்தூரி மட்டும் அசையாமல் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தாயம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உப்பைக் கிள்ளிப் போடுவதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே ஆடின. எத்திராஜ் அந்த விரல்களையே பார்த்தார். உலகத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"ஆத்தா, ஒனக்குக் கூழ் ஊத்திப் பாத்துட்டேன், இது நிக்கல," என்றாள் தாயம்மா. குரல் தெளிவாக, பந்தல் முழுக்கக் கேட்கிறாற்போல வந்தது. "டாக்டரு மாத்திர எழுதிக் குடுத்தாரு. ஊட்டுக்காரரு வேணாங்கறாரு. வெளிய தெரிஞ்சா புள்ளைக்குப் பொண்ணு தர மாட்டாங்கன்னு மறைச்சுகினு கீறேன். நீயே சொல்லு. சாப்புடவா, வேணாவா?"

எத்திராஜ் யோசிக்கவே இல்லை. "சாப்புடு!" என்று கத்தினார்.

தங்கவேல் தலையைத் தூக்கினார். "ஆத்தா, அது சூடாச்சே?"

"மோரு குடி!"

"ஒயரு விடுவாங்கன்றாங்களே?"

"எவன் சொன்னான்? இட்டுகினு வா அவன!" ஜானகிராமன் பந்தல்கால் பக்கம் ஒதுங்கினார்.

"மூள கெட்டுப்போவும்னு..."

"எனக்கு இன்னாய்யா கெட்டுப்போச்சு? ரெண்டு வருசமா நானும் அதத்தானே முழுங்கிகினு கீறேன்!"

வேம்புலியம்மா எந்த ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினாள் என்று ராணி யோசிப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "ஆத்தா தமாசு பண்றா!" என்று முனியன் கூவிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு சுழல் சுழன்று, ஒரு தடவை நாக்கைத் துருத்தினால் இப்போதுகூடத் தப்பித்துவிடலாம். எத்திராஜுக்கு அது தெரியும். வாசலில் மகள் நிற்கிறாள், அவளுடைய புடவை இன்னும் தட்டிலேயே இருக்கிறது. கண்ணெதிரே அந்தக் கை உப்புக் கிள்ளிக்கொண்டே இருக்கிறது. சாமி பேரில் சொன்ன மாத்திரையை, நாளைக்கே வேறு ஒரு சாமி வந்து வேண்டாம் என்றால் இந்தப் பெண்பிள்ளை என்ன செய்வாள்?

"நான் ஆத்தா இல்ல சம்பந்தி," என்றார். உடம்பு ஆடிக்கொண்டேதான் இருந்தது. "எத்திராஜுதான். எனக்கும் இதே வியாதி. பேரு பார்க்கின்சன். குடியும் இல்ல, செய்வினையும் இல்ல. அந்த மாத்திரதான் என்ன நடக்க வெச்சுது, பொத்தான் போட வெச்சுது. இன்னிக்கி ஊட்ல ஆளாளுக்கு அன்புல ஊட்டி உட்டாங்க, அளவு மீறிப்போச்சு. அதான் இந்த ஆட்டம். ஒங்ககிட்ட மறைச்சது தப்பு. கோச்சுகினு போறதுன்னா போங்க. ஆனா அந்தம்மாவுக்கு மாத்திரய மட்டும் குடுத்துடுங்க."

தங்கவேல் மெதுவாக எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இத்தன பேர் எதிர்ல என்னக் கால்ல உழ வெச்சு... மறைச்சுட்டீங்களேய்யா!"

"நாம மட்டும் இன்னா கிழிச்சோம்?" என்றாள் தாயம்மா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாத்தே, ஒங்க மச்சான் வெத்தலைக்குள்ள மாத்திர வெச்சப்பவே எனக்குத் தெரியும். அளவு மிஞ்சினா ஒடம்பு ஆடும்னு எங்க டாக்டரும் சொல்லிக்கீறாரு. மாத்திர சாப்புடற ஆத்தா மாத்திர வேணாம்னு சொல்ல மாட்டான்னுதான் வந்து கேட்டேன்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், கற்பூரம் எரியறப்ப கால்ல உழுந்து வாக்கு கேட்டது நீ. சூடான்னு கேட்டே, பதில் வந்துச்சு. மூளன்னு கேட்டே, அதுக்கும் வந்துச்சு. வந்தது ஆத்தாவா அண்ணாத்தேவான்றது அப்பால. கேட்ட வாக்க மீறினா குத்தம் ஊட்டுக்கா, கடைக்கா? நீயே சொல்லு."

கடை என்ற வார்த்தை தங்கவேலின் உச்சந்தலையில் போய் இறங்கியது. அவர் கற்பூரத்தைப் பார்த்தார். அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தட்ட எடு முனியா," என்று யாரோ சொல்ல, முனியன் கையை நீட்டினான்.

"மாமா, நவுரு," என்றாள் கஸ்தூரி வாசலிலிருந்து.

எத்திராஜ் தட்டைத் தூக்கினார். எதிரே தங்கவேல் வருவதற்குள் தாயம்மா வந்து நின்றுகொண்டாள். அவர் கை அலைந்தது, அவள் கை நடுங்கியது. இரண்டுக்கும் நடுவில் தேங்காய் தட்டு முழுக்க ஊர்வலம் போனது. ஒரு ஓரத்துக்கு ஓடும், பந்தலே 'ஐயோ' என்னும். இன்னொரு ஓரத்துக்குத் திரும்பும், பந்தலே மூச்சு விடும். எத்திராஜுக்குச் சிரிப்பு தாளவில்லை, தாயம்மாவுக்கும் தாளவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தட்டு ஒரு குலுக்குக் குலுங்க, தேங்காய் விளிம்பைத் தாண்டிவிட்டது.

தங்கவேல் பாய்ந்தார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு அவரால் அப்படிப் பாய முடியும் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது. தேங்காய் தரையைத் தொடுவதற்கு முன்னால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளும் குங்குமமும். பந்தலில் எழுந்த கூச்சலில் குணசேகரன் விசிலடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் தட்டு தாயம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எத்திராஜ் தன் வெறுங்கையைப் பார்த்தார். ஆடிக்கொண்டுதான் இருந்தது. கஸ்தூரி ஓடிவந்து அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் அழுதுவிட்டார்.

தங்கவேல் மட்டும் இன்னும் தரையிலேயே இருந்தார். தேங்காயைக் கீழே வைக்காமல், எத்திராஜை அருகே கூப்பிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சம்பந்தி, ஒரே ஒரு சந்தேகம். அந்த மாத்திரய ராகு காலத்துல சாப்புடலாமா?"

எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மா முந்திக்கொண்டாள்.

"நேரத்துக்குச் சாப்புட சொல்லுங்கண்ணே. ராகு கொஞ்சம் காத்துகினு இருக்கட்டும்."